காசில் இரட்டையுரு

காசொன்றைக் கையிலெடுத்து நோக்கும்போது அதன் மேலுள்ள ஆண்டெண்ணோ எழுத்தோ இரண்டாகத் தோன்றுமாயின், காண்பவர் முதலிற் கண்மயக்கென ஐயுறுவர். வெளிச்சத்துக்குக் கொண்டுசென்று நோக்கியபோதும் அவ்வாறே தோன்றுமாயின், கிடைத்தற்கரிய பொருளொன்று தம் கையிற் சிக்கியதென மகிழ்வர். அம்மகிழ்ச்சி பெரும்பாலும் நிலைப்பதில்லை. காசில் இரட்டையுரு தோன்றுதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றிரண்டே அருமையுடையன. ஏனையவை அக்கசாலையில் எந்நாளும் நிகழத்தக்க சிறு வழுக்கள். சில வழுவென்று சொல்லவும் தகாதன.

கண்டி மாநகரில் தலதா மாளிகைக்கு வருவோரை நம்பிப் பழங்காசு விற்றல் புதிய வழக்கன்று. நகரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பழைய வீடுகளின் பெட்டகங்களிற் செப்புச் சதங்கள் இன்றும் துணியில் முடிந்து கிடப்பதுண்டு. அவற்றுள் எழுத்து இரட்டித்த ஒன்றைக் கண்டால் 'இரட்டை அச்சு' எனப் பெயர் சூட்டி விலை பேசுதல் எளிது. வாங்குபவன் காசு சேர்க்கத் தொடங்கிய பள்ளி மாணவனாயின், அவன் பல மாதம் சேமித்த பணம் ஒரு கணத்திற் கைமாறும். இது பொருளிழப்பு. இதனினும் பெரிய இழப்பொன்று உண்டு. காசு வரலாற்றுச் சான்றாகவும் கொள்ளப்படுவது. ஒரே காசின்மேல் இரண்டுருவம் காணப்படுதல் ஒருகால் ஓர் அரசன் மற்றோர் அரசனை வென்றமைக்குச் சான்றாகும். மற்றொருகால் இயந்திரத்தின் பிடியொன்று தளர்ந்தமைக்கு மட்டுமே சான்றாகும். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாதவன் காசைப் படிக்க அறியாதவன்.

வேறுபடுத்தும் வழி யாது? இரட்டையுருவின் தோற்றத்தை மட்டும் நோக்குதல் போதாது. அக்காசின் வாழ்நாளில் எக்கணத்தில் அது நேர்ந்தது என்று வினவுதல் வேண்டும். அச்சுச் செய்யப்பட்டபோதா, காசு அடிக்கப்பட்டபோதா, அடித்து முடிந்த மறுகணத்திலா, அன்றிப் பின்னர் மக்கள் கையில் வழங்கியபோதா? ஒவ்வொரு கணமும் உலோகத்தின் மேல் தனக்கேயுரிய அடையாளத்தை விட்டுச் செல்கின்றது. இவ்வினாவுக்கு விடை காண்பதற்குக் கண்டிப் பகுதி வாய்ப்பான களமாகும். கையால் அடித்த காசும், கம்பியை வளைத்துப் பொறித்த காசும், இயந்திரம் அடித்த காசும் ஈண்டு வெவ்வேறு காலங்களில் வழங்கியமையே அதற்குக் காரணம்.

கையால் அடித்த காசுக்கு மஸ்ஸ என்னும் செப்புக்காசு தக்க எடுத்துக்காட்டாகும். பொலன்னறுவைக் காலத்து மன்னர்களாகிய முதலாம் பராக்கிரமபாகு, லீலாவதி, சாகசமல்லன் முதலியோர் பெயராற் பொறிக்கப்பட்ட இக்காசுகள் ஈழநாட்டின் பல பாகங்களிலும் கிடைக்கின்றன. ஒருபுறம் நிற்கும் மனித உருவமும், மறுபுறம் இருக்கும் உருவமும் நாகரி எழுத்துக்களும் காணப்படும். சோழப் பேரரசன் முதலாம் இராசராசனின் காசமைப்பே இவற்றுக்கு முன்மாதிரி. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் இடபமும் 'சேது' என்னுந் தமிழ்ச் சொல்லும் பொறித்து வெளியிட்ட காசுகளும் இம்மரபின் வழிவந்தனவே.

இத்தகைய காசை அடிக்கும் முறை எளியது. கீழச்சு பட்டடையில் அசையாது பொருத்தப்படும். மேலச்சைக் கம்மியன் கையிற் பிடிப்பான். இடையே செப்பு வில்லையை வைத்து மேலச்சின் தலையிற் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். ஓரடியில் உருவம் செவ்வையாகப் பதியாவிடின் மற்றோரடி விழும். அவ்விரண்டடிகளுக்கு இடையே வில்லை சிறிது நகர்ந்தாலும், கம்மியன் கை சிறிது திரும்பினாலும், இரண்டாவது உருவம் முதலுருவின்மேல் விலகி விழும். அப்போது முதலுரு முற்றும் அழிவதில்லை. இரண்டாவது அடியால் நசுங்கி அதன் எச்சம் மட்டும் நிற்கும். நிற்கும் உருவின் தோளருகே மற்றொரு தோள் மங்கலாகத் தெரிவது இவ்வாறேயாம். இதனை அடி இரட்டிப்பு எனலாம். கையால் அடித்த காசுகளில் இது மிகச் சாதாரணமானது.

ஆயின் மேலெழுந்த உருவமும் கீழே நசுங்கிய உருவமும் ஒரே அச்சின் பதிவுகள்தாமா என்பதை உறுதிசெய்த பின்னரே இம்முடிபுக்கு வருதல் வேண்டும். கீழுருவம் வேறோர் அச்சினதாயின் செய்தியே மாறிவிடும். பழைய காசொன்று வில்லையாகக் கொள்ளப்பட்டுப் புதிய அரசின் அச்சால் மீண்டும் அடிக்கப்பட்டது என்பதே அதன் பொருள். இந்தியாவில் நாசிக்குப் பகுதியைச் சேர்ந்த யோகல்தெம்பி என்னுமிடத்தில் 1906இற் கிடைத்த புதையல் இதற்குப் புகழ்பெற்ற சான்றாகும். அங்கு 13,000க்கு மேற்பட்ட வெள்ளிக்காசுகள் கிடைத்தன. யாவும் சகமன்னனாகிய நகபானனின் காசுகள். அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கின்மேற் சாதவாகன வேந்தன் கௌதமீபுத்திர சாதகர்ணியின் பொறிப்பு விழுந்திருந்தது. வென்றவன் தோற்றவனின் காசை உருக்கவில்லை. அதன்மேல் தன் பெயரை அடித்தான். நூல்வழியே உய்த்துணர்ந்த ஒரு வெற்றியைக் காசு கண்முன் நிறுத்திற்று. யாரேனும் ஒருவர் அப்புதையலைப் பார்த்துக் கம்மியன் கை தவறிற்று என எண்ணி வாளாவிருந்திருப்பாராயின், வரலாறு எவ்வளவு இழந்திருக்கும்!

ஈழநாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சியுண்டு. போர்த்துக்கேயர் வெளியிட்ட 'தங்க' என்னும் வெள்ளிக்காசுகளின்மேல் ஒல்லாந்தர் தம் கம்பனியின் கூட்டெழுத்து இலச்சினையைச் சிறு முத்திரையாகப் பதித்தனர். அது காசின் முழுப்பரப்பையும் மூடாது ஓரிடத்தில் ஆழமாக விழுந்திருக்கும். வேண்டுமென்றே இடப்பட்ட இரண்டாவது பொறிப்பாதலின் இதனை இரட்டிப்பு என்னும் வகுப்பிற் சேர்த்தல் பொருந்தாது.

கண்டி இராச்சியத்துக்கே சிறப்பாக உரிய காசுமுறையைப் பற்றி றொபேட் நொக்ஸ் எழுதியவை பயனுடையன. ஆங்கிலேயராகிய அவர் 1660ஆம் ஆண்டு முதற் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் நாட்டிற் சிறைப்பட்டிருந்தவர்; உடுநுவரைப் பகுதியிலுள்ள எலதெத்த என்னும் ஊரிற் குடியிருந்து, தொப்பி பின்னி விற்றும் நெல் கடன் கொடுத்தும் வாழ்ந்தவர். ஆகவே காசைப் பற்றி அவர் எழுதியது ஏட்டறிவன்று. கொடுத்தும் வாங்கியும் பெற்ற அறிவு. 1681இல் வெளிவந்த அவரது நூல் மூவகைக் காசுகளைக் குறிப்பிடுகின்றது. ஒன்று போர்த்துக்கேயர் அடித்த தங்கம் மஸ்ஸ. மற்றொன்று மன்னனுக்கே உரிய பணம். அது மிகச் சிறியது. பிறர் அதனை அடித்தால் மரணதண்டனை. மூன்றாவது, வெள்ளிக் கம்பியைத் தூண்டில்போல் வளைத்துச் செய்த ரிதி. அதனை யாரும் செய்துகொள்ளலாம். தாம் விரும்பிய அடையாளத்தை அதன்மேற் பொறித்துக்கொள்ளலாம். பாரசீகத்து லார் என்னும் நகரத்தாற் பெயர்பெற்ற லாரின் என்னுங் கம்பிக்காசே ஈழநாட்டில் இவ்வடிவு பெற்றது.

ரிதியின்மேற் காணப்படும் பொறிப்பு எப்போதும் துண்டுபட்டதாகவே இருக்கும். அச்சு அகன்றது, கம்பி ஒடுங்கியது. ஆதலால் எழுத்தின் ஒரு பகுதியே கம்பியில் விழும். அப்பகுதியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருத்தல் கூடும். அதனை வழுவெனக் கொண்டு மிகைவிலை கூறுதல் பேதைமையாகும். அன்றைய கண்டி மக்கள் ரிதியின் பொறிப்பை ஒரு பொருட்டாக மதித்திலர். ஐயம் நேர்ந்தவிடத்துக் காசைத் தீயிலிட்டுச் செந்நிறமாகக் காய்ச்சி நீரில் அமிழ்த்துவர். அது தூய வெண்மையாக வெளிவந்தாலன்றி ஏற்றுக்கொள்ளார் என நொக்ஸ் கூறுகின்றார். மேற்றோற்றத்தை நம்பாது பொருளின் இயல்பைச் சோதித்த அம்முறை எத்துணை நேர்மையானது! இக்காலத்தார் உருப்பெருக்கியைக் கையிலெடுக்கும்போது நினைவிற் கொள்ளத்தக்கது.

1815ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன்பின் மலைநாடும் ஆங்கிலேயர் காசுமுறைக்கு உட்பட்டது. எனினும் இக்கட்டுரைப் பொருளுக்கு முதன்மையான ஆண்டு 1872 ஆகும். அவ்வாண்டு சனவரி முதலாந் தேதி தொடக்கம் ரூபாயை நூறு சதமாகப் பகுக்கும் முறை இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. 1870ஆம் ஆண்டு பொறித்த செப்புக்காசுகள் அதற்கென அடிக்கப்பட்டவை. ஒருபுறம் விக்டோரியா மகாராணியின் தலையுருவம். மறுபுறம் பனையினத்து மரமொன்று. அதன் இருமருங்கும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பைக் குறிக்கும் எழுத்துக்கள். சுற்றிலும் ஆங்கிலப் பொறிப்பு. கல்கத்தா அக்கசாலையில் இயந்திரத்தால் அடிக்கப்பட்ட இக்காசுகளோடுதான் மேற்கூறிய பெட்டகக் காசுகளின் வரிசை தொடங்குகின்றது. இயந்திர இரட்டிப்பு என்னும் பொருளும் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. அதனை விளங்கிக்கொள்ள, இயந்திரக் காசு பிறக்கும் முறையை அறிதல் வேண்டும்.

காசின் உருவம் மேலெழுந்து நிற்பது. அதனை அடிக்கும் அச்சில் அவ்வுருவம் குழிந்தும் இடவலம் மாறியும் இருக்கும். அச்சோ ஒன்றிரண்டன்று, பல இலட்சம் காசுகளை அடித்தற்கு அச்சுக்கள் பல வேண்டும். ஒவ்வோர் அச்சையும் கையாற் செதுக்கினால் ஒன்றைப்போல் ஒன்று இராது. ஆதலின் மேலெழுந்த உருவமுடைய உருக்குக் கட்டையொன்று முதலிற் செய்யப்படும். அதனைத் தாயச்சு என்று இங்குக் குறிக்கலாம். தாயச்சை வெற்றுருக்குக் கட்டையில் அழுத்தி எடுத்தால் அச்சு கிடைக்கும். முற்காலத்தில் ஒருமுறை அழுத்துவதால் உருவம் முழுதும் பதிவதில்லை. அழுத்தத்தால் இறுகிய கட்டையைக் காய்ச்சி இளகச் செய்து, மீண்டும் தாயச்சின்கீழ் வைத்து அழுத்துவர். இரண்டாம் முறை அழுத்தும்போது கட்டை முன்னிருந்த நிலையினின்றும் ஒரு மயிரிழை திரும்பியிருந்தால் அச்சிலேயே உருவம் இரண்டாகக் குழிந்துவிடும். அவ்வச்சால் அடிக்கப்படும் காசு ஒவ்வொன்றும் அதே இரட்டிப்பை அதே அளவிற் கொண்டிருக்கும். இதுவே அச்சு இரட்டிப்பு. காசு சேர்ப்போர் நாடுவது இதனையே.

அமெரிக்காவின் பிலதெல்பியா அக்கசாலையில் 1955ஆம் ஆண்டு இவ்வாறு பிழைத்த அச்சொன்று இயந்திரத்தில் ஏறிற்று. லிங்கன் உருவம் பொறித்த ஒரு சதக் காசின் ஆண்டெண்ணும் எழுத்துக்களும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தோன்றின. வழு கண்டுபிடிக்கப்படுமுன் அக்காசுகள் ஏனைய காசுகளோடு கலந்துவிட்டன. 20,000க்கு மேற்பட்டவை வெளியே சென்றன. விற்பனை இயந்திரங்களில் வைக்கப்பட்ட சிகரெட்டுப் பெட்டிகளில் மீதிச் சில்லறையாக அவை மக்கள் கைக்கு வந்தன என்பர். இன்று அவற்றின் விலை பல்லாயிரம் மடங்கு உயர்ந்துள்ளது. உலகெங்கும் காசு சேர்ப்போர் இரட்டையெழுத்தைக் கண்டவுடன் மனம் துள்ளுதற்கு இக்காசே பெரிதும் பொறுப்பாகும். ஒரே அழுத்தத்தில் அச்சுச் செய்யும் முறை 1990களின் பிற்பகுதியில் அமெரிக்க அக்கசாலையிற் புகுந்தபின் இத்தகைய பெரிய வழுக்கள் அருகின.

இனி இயந்திர இரட்டிப்பு என்பது யாது? இங்கு அச்சிற் குற்றமில்லை; அச்சைப் பற்றி நிற்கும் பிடியிலேயே குற்றம். காசடிக்கும் இயந்திரத்தில் மேலும் கீழுமாக இரண்டச்சுக்கள் பொருத்தப்பட்டிருக்கும். வில்லையைச் சுற்றி ஒரு வளையம் காக்கும். மேலச்சு பல தொன் அழுத்தத்தோடு இறங்கும், உலோகம் அச்சின் குழிகளிற் பாய்ந்து நிறையும், காசு பிறந்துவிட்டது. அடுத்த நொடியின் சிறு கூற்றில் அச்சு நேராக மேலெழுந்து விலகுதல் வேண்டும். இயந்திரம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான முறை இயங்குவது. நெடுநேர உழைப்பால் அச்சின் பிடியோ இயந்திரத்தின் மூட்டோ தளர்ந்திருக்குமாயின், அச்சு விலகுமுன் சிறிது துள்ளும். அன்றிப் பக்கவாட்டில் வழுக்கும். அப்போது அச்சின் சமதளப் பகுதி, புதிதாய் எழுந்து நிற்கும் எழுத்தின் விளிம்பின்மேல் ஏறி அதனைத் தள்ளி நசுக்கும். எழுத்தின் ஒருபுறம் மேடையிழந்து, காசின் தளத்தோடு ஏறக்குறையச் சமமாகப் படிந்துவிடும். அப்படிவே இரண்டாவது எழுத்துப்போல் நம் கண்ணை ஏமாற்றுவது.

இவ்விளக்கத்தை நன்கு மனத்திற் கொண்டால் அடையாளங்கள் தாமே வெளிப்படும். முதலாவது, படிவின் வடிவம். அச்சு இரட்டிப்பில் இரண்டுருவங்களும் அச்சின் குழியில் உலோகம் பாய்ந்து பிறந்தவை. ஆதலின் இரண்டும் திரண்டு உருண்டு நிற்கும். இயந்திர இரட்டிப்பிலோ இரண்டாவது உருவம் தட்டையாக, வீட்டுத் திண்ணைபோற் படிந்திருக்கும். வீட்டுக்கு அருகில் மற்றொரு வீடு நிற்பதற்கும், வீட்டின் பக்கத்தில் திண்ணை தாழ்ந்து கிடப்பதற்கும் உள்ள வேற்றுமை இங்குண்டு.

இரண்டாவது, எழுத்தின் அகலம். இதுவே எல்லாவற்றினும் உறுதியான சோதனை எனலாம். அச்சு இரட்டிப்பு எழுத்துக்குப் புதிய பகுதியைச் சேர்க்கின்றது. ஆகவே எழுத்து இயல்பினும் தடித்துக் காணப்படும். இயந்திர இரட்டிப்பு புதிதாக ஒன்றையும் சேர்ப்பதில்லை. இருந்ததை வெட்டித் தாழ்த்துகின்றது. எனவே மேடாக நிற்கும் எழுத்து மெலிந்திருக்கும். அதனையும் அருகிலுள்ள தட்டையான படிவையும் கூட்டினால், வழுவற்ற காசிலுள்ள எழுத்தின் அகலமே ஏறக்குறைய வரும். அதே ஆண்டைச் சேர்ந்த நல்ல காசொன்றை அருகில் வைத்து ஒப்பிட்டாலன்றி இதனைக் காண இயலாது. ஒற்றைக் காசைக் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்புக் கூறுவோர் தவறுவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது, மூலையிலுள்ள பிளவு. ஆங்கில எழுத்துக்களின் கோடுகள் முடியும் இடத்திற் கூரிய மூலைகள் உண்டு. இரண்டு எழுத்துக்கள் சிறிது விலகி ஒன்றன்மேல் ஒன்று படியும்போது மூலைகள் பொருந்தாமையால் ஆங்கே சிறு பிளவு தோன்றும். அச்சு இரட்டிப்புக்கு இது நல்ல அடையாளமென நூலார் கூறுவர். ஆயின் அந்நூல்கள் ஆங்கில எழுத்தை மட்டும் கருதி எழுதப்பட்டவை. இலங்கைக் காசுகளை ஆராய்வோர் ஓர் எச்சரிக்கையை மேற்கொள்ளல் வேண்டும். சிங்கள எழுத்துப் பெரும்பாலும் வட்டமானது, மூலையற்றது. மூலையில்லாத இடத்திற் பிளவைத் தேடுதல் வீண். பிளவு காணப்படாமையைக் கொண்டு அச்சு இரட்டிப்பன்று என முடிவுகட்டுதலும் பிழை. தமிழெழுத்து இடைப்பட்டது. 'சதம்' என்னுஞ் சொல்லில் மகரத்தின் செங்கோணங்கள் பிளவைக் காட்டத்தக்கவை. தகரத்தின் சுழி அவ்வாறன்று. மெய்யெழுத்தின் புள்ளியோ மிகச் சிறந்த சான்றாக அமையும். அச்சு இரட்டித்திருப்பின் ஒரு புள்ளி இரண்டு முகடுகளாகவோ, எட்டு என்னும் எண்ணின் வடிவமாகவோ தோன்றும். இயந்திரம் வழுக்கியிருப்பின் புள்ளி ஒருபுறம் நசுங்கிச் சரிந்திருக்கும். மும்மொழியும் பொறித்த சிறுகாசு ஒன்று தன்னைத் தானே மூன்று வழியாற் சோதிக்க இடந்தருகின்றது. வேற்றுநாட்டுக் காசுகள் பலவற்றுக்கு இவ்வசதி இல்லை.

நான்காவது, ஒளி. புதுக்காசின் மேற்பரப்பில் ஒருவகை மென்பளபளப்பு உண்டு. காசைத் திருப்பும்போது அது சக்கரம்போற் சுழலும். இயந்திரம் வழுக்கிய படிவில் இம்மென்மை தேய்ந்து, இழைத்தாற்போன்ற மினுக்கம் தோன்றும். புழங்கித் தேய்ந்த காசில் இச்சோதனை பயன்படாது.

திசையைக் கொண்டு தீர்மானிக்கலாம் என்பாரும் உளர். எழுத்துக்கள் யாவும் ஒரே பக்கமாக விலகியிருப்பின் இயந்திரத்தின் வழுவென்பது அவர்கள் கருத்து. அக்கருத்து முழுவதும் ஏற்கத்தக்கதன்று. தாயச்சு பக்கவாட்டில் விலகி அழுந்தியபோதும் அவ்வாறே தோன்றலாம். இயந்திர அச்சு திருகினால் வட்டமான விலகலும் தோன்றலாம்.

ஆசிரியர் இவ்வேறுபாட்டை வகுப்பறையிற் செய்து காட்டுதல் கூடும். பிசைந்து சிறிது இறுகிய களிமண்ணில் ஒரு ரூபாய்க் காசை அழுத்தி எடுத்து, மயிரிழை திருப்பி மீண்டும் அழுத்துக. களிமண் இப்போது இரட்டித்த அச்சு. அது உலர்ந்தபின் உருக்கிய மெழுகை வார்த்து எடுத்தால் இரண்டு எழுத்துக்களும் திரண்டு நிற்கும். மற்றொரு களிமண் துண்டில் ஒருமுறை மட்டும் அழுத்தி மெழுகு வார்க்குக. மெழுகு இளஞ்சூடாயிருக்கும்போது அச்சைச் சற்றே பக்கவாட்டில் தள்ளியபின் பிரிக்குக. எழுத்தின் ஒருபுறம் நசுங்கித் திண்ணை விழுந்திருக்கும். மாணவர் ஒருமுறை இதனைக் கண்ணாற் கண்டபின் எந்நூலும் அவர்க்கு வேண்டியதில்லை.

அமெரிக்காவின் 1969ஆம் ஆண்டுச் சதக்காசு பற்றிய செய்தி, காரணத்தை வினவும் முறையின் ஆற்றலை நன்கு புலப்படுத்துகின்றது. அவ்வாண்டு சான் பிரான்சிஸ்கோ அக்கசாலையில் அடிக்கப்பட்ட காசுகளிற் சில உண்மையான அச்சு இரட்டிப்பு உடையவை; மிக அரியவை. அக்காலத்திற் கள்ளக்காசு செய்வோர் சிலர் அதே ஆண்டின் இரட்டையுருக் காசுகளைப் போலியாகச் செய்து வெளியிட்டிருந்தமையால், முதலிற் கிடைத்த உண்மைக் காசுகள் சிலவற்றையும் அரசாங்கத்தார் பறிமுதல் செய்தனர். பின்னரே அவை மெய்யானவை என ஒப்புக்கொண்டனர். அதே ஆண்டில் இயந்திர இரட்டிப்புடைய காசுகளோ ஏராளம். இரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு? ஆண்டெண்ணின்கீழ் அக்கசாலையைக் குறிக்கும் சிற்றெழுத்து ஒன்றுண்டு. அன்றைய முறைப்படி அவ்வெழுத்துத் தாயச்சில் இல்லை. அச்சு முடிந்தபின் கையாற் சிற்றுளி கொண்டு தனியே பொறிக்கப்பட்டது. எனவே தாயச்சு அழுத்தியபோது நேர்ந்த இரட்டிப்பு அவ்வெழுத்தைத் தொடமுடியாது. இயந்திரம் வழுக்கியதாயின் ஆண்டெண்ணோடு அவ்வெழுத்தும் இரட்டிக்கும். அக்கசாலை எழுத்தும் இரட்டித்துக் காணப்படும் காசு ஒதுக்கப்பட வேண்டியது. எழுத்து எப்பொழுது பொறிக்கப்பட்டது என்னும் ஒரே செய்தி வழக்கைத் தீர்த்துவிட்டது.

இரட்டையுருப்போல மயக்குவன வேறுஞ் சில உண்டு. பல இலட்சம் காசுகளை அடித்துத் தேய்ந்த அச்சில் எழுத்துக்களின் விளிம்பு அரித்துப் பரவும்; காசில் எழுத்து வீங்கி, மங்கி, விளிம்போரம் நிழலிட்டதுபோற் காணப்படும். மேற்கூறிய 1955ஆம் ஆண்டின் அமெரிக்கச் சதங்களிலேயே இறுதி எண் இவ்வாறு நிழலிட்டவை பலவுண்டு. அவற்றை 'ஏழையின் இரட்டை அச்சு' என்னும் பெயரால் விற்றனர். உண்மைக்காசை வாங்க வகையற்றோர் அப்பெயரில் மயங்கி வாங்கினர். பெயர் சூட்டுதலே வாணிகமாகிய விந்தை இது! உலோக முலாம் பூசிய காசுகளில் அடியின் வேகத்தால் எழுத்தோரத்தில் முலாம் வெடித்து உள்ளுலோகம் கோடாகத் தெரிவதும் உண்டு. 1982க்குப் பின்வந்த அமெரிக்கத் துத்தநாகச் சதங்களில் இதனை மிகுதியாகக் காணலாம். இலங்கையிலும் 2005ஆம் ஆண்டு முதல் முலாம் பூசிய உருக்குக் காசுகள் வெளிவந்துள்ளமையால், கையிற் கிடைக்கும் புதுக்காசுகளை நோக்குவோர் இதனையும் கருத்திற் கொள்ளவேண்டும்.

இயந்திர இரட்டிப்பைக் காசின் வகை எனக் கொள்வதா, சிதைவு எனக் கொள்வதா என்று காசு சேர்ப்போரிடையே ஒரு வாதம் நிகழ்ந்து வருகின்றது. காசு அடித்து முடிந்தபின் நேர்ந்ததாகலின் சிதைவே என்பர் ஒரு சாரார். இயந்திரத்தை விட்டு வெளிவருமுன் நேர்ந்ததாகலின் அக்கசாலையின் செயலே என்பர் மறுசாரார். சொற்பொருள் பற்றிய இவ்வாதம் முடிவுறாது, முடிவுறாவிடினும் கேடில்லை. ஒரே அச்சில் அடித்த அடுத்த காசில் அவ்விரட்டிப்பு மிகுந்தும் குறைந்தும் அறவே இன்றியும் இருக்கலாமாதலின், அதனை ஒரு தனிவகையாகப் பட்டியலிட இயலாது. ஆகவே அதற்கு மிகைவிலையும் இல்லை என்பதில் இருசாராரும் உடன்படுவர்.

சோதிப்பதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. பொற்கொல்லரும் கைக்கடிகாரம் திருத்துவோரும் கண்ணிற் பொருத்தும் சிறு வில்லை போதும். பத்து மடங்குக்கு மேற் பெருக்குதல் தேவையில்லை. வெளிச்சம் நேர்மேலிருந்து விழாது ஒருபக்கமிருந்து சாய்வாக விழுதல் வேண்டும். அப்போதுதான் மேடும் திண்ணையும் வேறாகத் தெரியும். காசை மெல்லச் சுழற்றி நான்கு திசையினும் நோக்குக. ஒரு திசையில் மட்டும் தோன்றி ஏனைத் திசைகளில் மறைவது நிழலேயன்றி உருவன்று.

யாவற்றினும் முதன்மையாகத் தவிர்க்க வேண்டியது காசைத் துலக்குதல். செப்புக்காசு கறுத்திருந்தால் அதனைப் புளியிட்டு விளக்குவது வீட்டு வழக்கம். குத்துவிளக்குக்கு அது நன்று. காசுக்கு அது நஞ்சு. புளியின் அமிலம் மேற்பரப்பை அரித்து, திண்ணையின் விளிம்பையும் மூலைப் பிளவையும் ஒருங்கே மழுக்கிவிடும். கறையோடு வந்த காசிற் சான்று உண்டு. பளபளவென்று துலக்கிய காசில் அது இல்லை. சாய்ந்த வெளிச்சத்தில் நோக்கியபின், அதே ஆண்டையும் அதே மதிப்பையும் உடைய மற்றொரு காசைத் தேடி இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்து எழுத்தின் அகலத்தை ஒப்பிடுக. அவ்வாறு ஒப்பிட மற்றொரு காசு கிடைக்கும்வரை, ஐயத்துக்குரிய காசைத் தனிக் கடதாசி உறையிலிட்டு, எவ்வெழுத்து எத்திசையில் விலகியுள்ளது என்பதை உறையின்மேற் குறித்து வைத்தலே தக்கது.